ஏரிக்குப் போகும் நீர் கலங்கினால்: சிறுநகரக் கழிவுநீர் நிலையத்தில் கோளாறு கண்டறியும் முறை

சுமார் 18,500 பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர் கொடுத்தால் அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும். நாளுக்கு 20 லட்சம் லிட்டர், அதாவது 2 எம்எல்டி. இந்த அளவுக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பது நீண்டநேரக் காற்றூட்டல் முறை நிலையம்தான். கம்பிச் சல்லடை, மணல் பிடிக்கும் தொட்டி, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னக் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டி, அந்த நுண்ணுயிர்த் திரளான கசடைப் படியவைத்து நீரைத் தெளியவைக்கும் க்ளாரிஃபையர் (படிந்த கசடு பம்ப்பில் ஏரேஷன் தொட்டிக்கே திரும்பும்), குளோரின் தொட்டி, ஒரு பக்கம் மிஞ்சும் கசடை உலர்த்தும் படுகை. கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே நிலையத்துக்கு: ஏரேஷன் தொட்டி 1,600 கன மீட்டர், க்ளாரிஃபையர் 14 மீட்டர் விட்டம், உள்ளே வரும் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், அதாவது அழுக்கின் அளவுகோல்) லிட்டருக்கு 200 மில்லிகிராம். உங்கள் நிலையத்தின் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் நீருக்கு 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த வரம்பு, பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் பிஓடி 30, மிதக்கும் திடப்பொருள் 100, மலக்கிருமி 100 மில்லிக்கு 1,000. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிஓடி 10, திடப்பொருள் 20 என்று இன்னும் இறுக்கிச் சொன்னது. பழைய வரம்பே போதும் என்று இருந்துவிடக் கூடாது. சித்திரை வைகாசியில் ஏரிக்குப் போகும் ஓடையில் வேறு நீரே கிடையாது. நிலையம் விடும் நீர்தான் ஓடை. கலந்து நீர்த்துப்போக ஆறு இல்லாதபோது 30 என்பது ஏரி மீனுக்கு அப்படியே 30தான். 30 டிகிரி வெயிலில் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம். அது 4க்குக் கீழே போனால் மீன் தாங்காது.

எதையும் தொடும் முன்: ஒரு லிட்டர் ஜாடி

ஏரேஷன் தொட்டியின் கடைசி முனையில், நுரையை ஒதுக்கிவிட்டு, ஒரு அடி ஆழத்திலிருந்து நீர் எடுங்கள். 1 லிட்டர் அளவு ஜாடியில் ஊற்றி, மெதுவாக ஒரு முறை கலக்கி, நிழலில், அதிர்வில்லாத மேடையில் வையுங்கள். ப்ளோயர் (காற்று ஊதும் எந்திரம்) அறை மேடையில் வைத்தால் அதிர்விலேயே கசடு இறங்கிவிடும், அளவு பொய் சொல்லும்.

முதல் 5 நிமிடம் ஜாடியை விட்டு நகராதீர்கள். நல்ல கசடு முதலில் துகள் துகளாகத் திரளும், பிறகு மேல் விளிம்பு ஒரு கோடு போலத் தெளிவாகப் பிரிந்து ஒன்றாக இறங்கும், தவறிய துகள்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மேலே நிற்கும் நீர் வழியாகச் செய்தித்தாள் எழுத்து படிக்க முடிய வேண்டும். 30 நிமிடத்தில் கசடு நிற்கும் கோடு 200 மில்லிக்கும் 350 மில்லிக்கும் இடையில் இருந்தால் நல்லது. அந்த அளவை எம்எல்எஸ்எஸ் மதிப்பால் (ஏரேஷன் தொட்டி நீரில் உள்ள கசடு, லிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில்) வகுத்தால் வருவது எஸ்விஐ, அதாவது 1 கிராம் கசடு எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்பது. ஜாடியில் 300, எம்எல்எஸ்எஸ் 3,500 மில்லிகிராம் என்றால் 300 ÷ 3.5 = 86. 80 முதல் 150 வரை கவலையில்லை. 200ஐத் தாண்டினால் கசடு உப்பிவிட்டது.

30 நிமிடம் ஆனதும் ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில் வரும்.

அறிகுறி: க்ளாரிஃபையர் விளிம்பில் கசடு வழிகிறது

ஓடைக்கு மிகப் பெரிய சேதம் இங்கேதான். வழிந்துபோகும் நீரில் திடப்பொருள் 300 மில்லிகிராம் என்றால் ஒரே நாளில் 600 கிலோ கசடு ஓடையில் இறங்குகிறது. அது அடியில் படிந்து அழுகி, நிலையம் சரியான பிறகும் பல வாரம் ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்தக் கோளாறுக்கு நான்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

கட்டி கட்டியாக மேலே வந்து, குமிழியோடு உடைந்து பரவுகிறதா? ஜாடியைப் பாருங்கள். 30 நிமிடத்தில் ஒழுங்காக இறங்கிய கசடு ஒன்றிரண்டு மணி நேரத்தில் மொத்தமாக மேலே எழும்பி நின்றால், விரலால் தட்டியதும் குமிழி விட்டுத் திரும்ப இறங்கினால், அடியில் நைட்ரேட் (அமோனியா உடைந்து உருவாவது) உடைந்து நைட்ரஜன் வாயுவாகிறது. கசடு கெட்டுப்போகவில்லை, க்ளாரிஃபையரில் அதிக நேரம் கிடக்கிறது, அவ்வளவுதான். 4 மீட்டர் தெளிவான அக்ரிலிக் குழாயின் அடியில் ஃபுட் வால்வு (நீரை உள்ளே மட்டும் விடும் வால்வு) பொருத்தி இறக்கித் தூக்கினால் கசடுப் படுக்கை எத்தனை உயரம் என்று கண்ணால் பார்க்கலாம். அரை மீட்டரைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால் திருப்பியனுப்பும் பம்ப்பின் ஓட்டத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு என்பதை ஜாடியே சொல்லும்: 300 நின்றால் 300 ÷ (1000 − 300) = 0.43, அதாவது உள்வரத்தில் 43 சதவீதம், நாளுக்கு 860 கன மீட்டர். பம்ப் சரியாக ஓடியும் படுக்கை குறையவில்லை என்றால் அடியில் கசடை வழிக்கும் ஸ்க்ரேப்பரின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஒரு கை மட்டும் இழுக்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். எழும்பல் எப்போதும் ஒரே கால்வட்டத்தில் வந்தால் அநேகமாக ஸ்க்ரேப்பர்தான்.

ஜாடியிலேயே இறங்க மறுத்து, 30 நிமிடத்துக்குப் பிறகும் 800, 900 என்று நிற்கிறதா? இப்போது இன்னொரு ஜாடி எடுங்கள். பாதி தொட்டி நீர், பாதி க்ளாரிஃபையரிலிருந்து வழியும் தெளிந்த நீர். இது 300க்கும் கீழே சரசரவென்று இறங்கினால் கசடு நல்ல கசடு, அளவுதான் மிஞ்சிவிட்டது. பாதியாக நீர்த்த பிறகும் 500க்கு மேலேயே தொங்கினால் நூல் பாக்டீரியா பெருகிவிட்டது. நுண்ணோக்கியில் துகளுக்குத் துகள் நூல்பாலம் போட்டிருப்பதைக் காணலாம்.

அளவு மிஞ்சியிருந்தால் வெளியேற்ற வேண்டும். தொட்டியில் 1,600 × 3.5 = 5,600 கிலோ கசடு இருக்கிறது. கசடு சராசரியாக 20 நாள் தொட்டியில் இருக்க வேண்டுமென்றால் (இதுதான் கசடின் வயது) நாளுக்கு 280 கிலோ போக வேண்டும். திரும்பும் கசடின் செறிவு லிட்டருக்கு 8 கிராம் என்றால் 35 கன மீட்டர். தினமும், ஒரே அளவில். வாரக் கடைசியில் மொத்தமாக இழுத்துத் தள்ளுவது இந்த உயிர்ப்படையைப் பட்டினிக்கும் விருந்துக்கும் மாறி மாறித் தள்ளுவது போல. இழுக்கும் அளவை ஒரு நாளில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

கசடு ஏன் மிஞ்சுகிறது என்பதையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பல இடங்களில் விடை படுகையில் கிடக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்ததும் உலர்த்தும் படுகை காயாது, இடமில்லை என்று கசடு இழுப்பதை நிறுத்துவார்கள், கார்த்திகையில் எம்எல்எஸ்எஸ் 6,000ஐத் தொடும், ஒரு பெருமழைக்கு மொத்தமும் ஏரியில். புரட்டாசிக்குள் எல்லாப் படுகையையும் சுரண்டி காலி செய்துவிடுங்கள், பாதிப் படுகைக்காவது ஒளி ஊடுருவும் கூரை போடுங்கள். கசடை முதலில் தடிப்பாக்கி 0.8 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 35 கன மீட்டர் 14 ஆகச் சுருங்கும். 25 செ.மீ. ஆழத்தில் ஊற்ற 140 சதுர மீட்டர் தேவைப்பட்ட இடத்தில் 56 போதும்.

நூல் பாக்டீரியா என்றால் காரணத்தைத் தேடாமல் மருந்து போடாதீர்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கரைந்த ஆக்சிஜன் 1க்குக் கீழே, அல்லது கசடுக்குப் போதிய உணவு இல்லை, அல்லது வரும் சாக்கடையே அழுகி சல்பைடோடு வருகிறது. உணவுக் கணக்கு எளிது. நாளுக்கு வரும் பிஓடி 400 கிலோ. 5,600 கிலோ கசடில் 70 சதவீதம் உயிருள்ள பகுதி என்றால் 3,920. 400ஐ இதனால் வகுத்தால் 0.10. இந்த வகை நிலையத்துக்கு 0.05 முதல் 0.15 வரை இருக்கலாம், அதற்கும் கீழே போனால் கசடைக் குறையுங்கள். ஓடைக்குள் கசடு போய்க்கொண்டே இருக்கிறது, காத்திருக்க நேரமில்லை என்றால் மட்டும் திரும்பும் கசடுக் குழாயில் குளோரின்: 1,000 கிலோ கசடுக்கு நாளுக்கு 2 கிலோவில் தொடங்குங்கள். நம் கணக்கில் 11 கிலோ, 10 சதவீத ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) சுமார் 110 லிட்டர். நன்றாகக் கலக்கும் இடத்தில், நாள் முழுதும் சொட்டாக. வழியும் நீர் பால்போல் கலங்கத் தொடங்கினால் மருந்து மிஞ்சிவிட்டது, உடனே குறையுங்கள். நூல்கள் மட்டுமல்ல, அமோனியாவை உடைக்கும் பாக்டீரியாவும் இதில் சாகும்.

நான்காவது காரணம் மழை. ஜாடி நன்றாக இருக்கிறது, வரத்து மட்டும் இரண்டு மூன்று மடங்கு. மழைநீர் வடிகாலை யாரோ பாதாளச் சாக்கடையில் சேர்த்திருப்பார்கள், அல்லது ஆள்நுழைவாயில் மூடி உடைந்திருக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடியது: உச்ச வரத்து இருக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ப்ளோயரை நிறுத்துங்கள். கசடு ஏரேஷன் தொட்டியிலேயே இறங்கி நிற்கும், தெளிந்த நீர் மட்டும் க்ளாரிஃபையருக்குப் போகும். திரும்பும் பம்ப்பை நிறுத்தாதீர்கள். ப்ளோயரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் டிஃப்யூசர் (தொட்டி அடியில் காற்றைக் குமிழியாக்கும் பகுதி) மேல் கசடு அமர்ந்துவிடும். மழை விட்டபின் ஊருக்குள் போய் அந்த இணைப்பைத் தேடுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு, மழையில்லாத நாளில், பிரதானக் குழாயில் ஓட்டம் எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தால் நிலத்தடி நீர்க் கசிவு எவ்வளவு என்பதும் பிடிபடும்.

அறிகுறி: நுரை

வெள்ளையாக, சோப்பு நுரை போலப் பொங்கினால் கசடு இளசு அல்லது குறைவு. புதிதாக ஓடத் தொடங்கிய நிலையத்தில் இது இயல்பு, இழுப்பதைக் குறைத்தால் அடங்கும். பழுப்பாக, தடிப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, தண்ணீர் அடித்தாலும் கலையாமல் தோல் போல நின்றால் அது நோகார்டியா வகை பாக்டீரியா. கல்யாண மண்டபம், ஓட்டல்களின் எண்ணெய் இதற்கு நல்ல தீனி. நுரையைத் தண்ணீர் அடித்து உள்ளேயே அமுக்கக் கூடாது, வழித்தெடுத்து வெளியேற்ற வேண்டும். மண்டபத்தின் எண்ணெய்ப் பொறியை (எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) முகூர்த்த மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: தொட்டி கறுக்கிறது, முட்டை அழுகிய வாடை

முதலில் எங்கே வாடை என்று பாருங்கள். ஊரிலிருந்து வரும் சாக்கடையே கறுப்பாக வந்தால் பம்ப்பிங் கிணற்றில் பல மணி நேரம் தேங்குகிறது. பம்ப் இயங்கும் மட்டத்தை இறக்கி, அடிக்கடி சிறுசிறு அளவாக ஏற்ற வையுங்கள். ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடைப்பு எடுக்க அந்தக் கிணற்றிலோ ஆள்நுழைவாயிலிலோ யாரையும் இறக்காதீர்கள். முட்டை அழுகிய வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு 100 பிபிஎம் தாண்டியதும் மூக்கு மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் விழுந்திருப்பார், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. ஜெட்டிங் எந்திரம் வரும்வரை சாக்கடை தேங்கட்டும்.

செப்டிக் டேங்க் லாரி வந்துபோன சில மணி நேரத்தில் கறுத்தால் கணக்குப் போடுங்கள். 6,000 லிட்டர் லாரி, பிஓடி 5,000 என்றால் 30 கிலோ. 150 கன மீட்டர் சாக்கடை ஒரே நிமிடத்தில் வந்ததற்குச் சமம். நாலு லாரி சேர்ந்து வந்தால் நாள் சுமையில் 30 சதவீதம் கூடிவிடும். லாரியைத் திருப்பியனுப்பாதீர்கள். அனுப்பினால் இருட்டியதும் அதே ஓடையில்தான் திறந்துவிடுவார்கள். தனித் தொட்டியில் வாங்கி, சல்லடை போட்டு, வரத்து குறையும் இரவு 11 முதல் காலை 5 வரை சிறிது சிறிதாக விடுங்கள்.

அறிகுறி: ப்ளோயர் ஓடுகிறது, ஆக்சிஜன் ஏறவில்லை

ஆக்சிஜன் மீட்டரின் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி அளவெடுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீரும். பிறகு காற்றழுத்தம். 4 மீட்டர் நீருக்குச் சதுர செ.மீ.க்கு 0.4 கிலோ அழுத்தம் கட்டாயம், குழாய், டிஃப்யூசர் தடை சேர்ந்து 0.45 முதல் 0.5 வரை சகஜம். மாதாமாதம் ஏறிக்கொண்டே 0.55க்குப் போனால் டிஃப்யூசர் அடைபடுகிறது. அழுத்தம் திடீரென்று இறங்கி, தொட்டியில் ஓரிடத்தில் மட்டும் உலை கொதிப்பது போலப் பெரிய குமிழி வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது அல்லது குழாய் கழன்றுவிட்டது. இரண்டும் இல்லை என்றால் காற்று வடிகட்டி, வி-பெல்ட் தளர்வு, பாதுகாப்பு வால்வில் கசிவு.

இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. ப்ளோயரில் எந்த மாற்றமும் செய்யாமல் ஆக்சிஜன் 2லிருந்து 5க்குத் தாவினால் மகிழ வேண்டாம். மூச்சுவிடும் உயிர்கள் செத்துவிட்டன என்று பொருள். சாயம், முலாம், அமிலம், பினாயில் மொத்தமாக ஏதோ வந்திருக்கிறது. உடனே உள்வரும் நீரில் 2 லிட்டர் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து நேரம் எழுதுங்கள், அது ஒன்றுதான் சாட்சி. கசடு இழுப்பதை நிறுத்துங்கள், காற்றைத் தொடருங்கள். பக்கத்து நிலையத்திலிருந்து 2 லாரி நல்ல கசடு கொண்டுவந்து போட்டால் மீட்சி வேகமாகும்.

அறிகுறி: நீர் கண்ணாடி போலத் தெளிவு, ஏரியில் மீன் சாகிறது

எந்த நேரத்தில் சாகிறது என்று கரையில் வலை போடுபவர்களிடம் கேளுங்கள். விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்து செத்தால், கெண்டை சாக விரால் மட்டும் பிழைத்திருந்தால், ஆக்சிஜன் பற்றாக்குறை. விரால் மேலே வந்து காற்றை நேரே சுவாசிக்கும். பிற்பகலில் சாவு என்றால் அமோனியாவைச் சந்தேகியுங்கள். பாசி மிகுந்த ஏரியில் வெயில் ஏற ஏற பிஹெச் உயரும். 30 டிகிரியில் பிஹெச் 8 என்றால் அமோனியாவில் 7 சதவீதம் மட்டும் நச்சு வடிவம், 9 ஆனால் 45 சதவீதம். காலையில் பாதிக்காத அதே நீர் 3 மணிக்குக் கொல்லும். 2017 அறிவிப்பில் அமோனியாவுக்கு வரம்பே கிடையாது. ஆய்வுக்கூடச் சான்றிதழ் எல்லாம் சரி என்று சொல்லும். அதனால் யாரும் கேட்காவிட்டாலும் வாரம் ஒருமுறை வெளிநீரில் அமோனியா பாருங்கள்.

அமோனியா உடையாததற்குக் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் ஆக்சிஜன், தொட்டிக் கடைசியில் 2 இருக்க வேண்டும். 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் செலவு. அடுத்து கசடின் வயது: அண்மையில் யாராவது அதிகமாக இழுத்துவிட்டார்களா? இந்தப் பாக்டீரியா மெதுவாக வளர்வது, தவறினால் இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாவது காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்), எல்லோரும் மறப்பது இதுதான். 1 கிராமுக்கு 7.14 கிராம் காரம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) கரைகிறது. 30 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் உடைய 214 மில்லிகிராம் காரம் வேண்டும். போர்வெல் நீர் கலக்கும் ஊர்களில் தாராளமாக இருக்கும், சிறுவாணி போன்ற மெல்லிய நீர் குடிக்கும் ஊர்களில் தீர்ந்துபோகும், பிஹெச் 6.5க்கு இறங்கி வேலை நின்றுவிடும். வெளிநீரில் குறைந்தது 50 மிஞ்சியிருக்க வேண்டும். 50 குறைந்தால் நாளுக்கு 100 கிலோ ஈடுகட்ட வேண்டும்: நீற்றிய சுண்ணாம்பு 74 கிலோ, அல்லது சமையல் சோடா 168 கிலோ. அதைவிடச் சிக்கனம், காற்றை ஒன்றரை மணி ஓட்டி அரை மணி நிறுத்தி, மிக்ஸரால் கலக்கிக்கொண்டே நைட்ரேட்டை உடைய விடுவது. இழந்த காரத்தில் பாதி திரும்ப வரும், க்ளாரிஃபையரில் கசடு எழும்புவதும் குறையும், மின்சாரமும் மிச்சம்.

அறிகுறி: குளோரின் போடுகிறோம், கிருமி குறையவில்லை

ஹைப்போ கேன் வெயிலில் இருக்கிறதா? கோடையில் தகரக் கூரைக்குக் கீழே சில வாரத்தில் வீரியம் பெருமளவு போய்விடும். லேபிளில் உள்ள சதவீதத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 10 கிலோ குளோரின், உண்மையான 10 சதவீதச் சரக்கில் 100 லிட்டர். நீரில் திடப்பொருள் 30க்கு மேல் இருந்தால் கிருமி துகளுக்குள் ஒளிந்துகொள்ளும், குளோரினைக் கூட்டிப் பயனில்லை. குளோரின் தொட்டியில் நீர் 30 நிமிடம் நிற்கிறதா என்று கொஞ்சம் உப்போ சாயமோ ஊற்றிப் பாருங்கள். தடுப்புச் சுவர் உடைந்திருந்தால் 8 நிமிடத்தில் மறுமுனையில் வந்து நிற்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மருந்து மாயமாகிறது என்றால் நைட்ரைட். அமோனியா பாதிவழியில் உடைந்து நிற்கும்போது உருவாகும் இது, தன்னிலுள்ள நைட்ரஜனின் எடையைப் போல 5 மடங்கு குளோரினை விழுங்கும். நைட்ரஜன் கணக்கில் 3 மில்லிகிராம் இருந்தாலே நாளுக்கு 30 கிலோ குளோரின் வீண். தீர்வு குளோரின் அறையில் இல்லை, ஏரேஷன் தொட்டியில் இருக்கிறது: மேலே சொன்ன ஆக்சிஜன், வயது, காரம். குளோரின் தொட்டி முடிவில் மிச்சக் குளோரின் 0.5 முதல் 1 மில்லிகிராம் போதும். அதையும் அப்படியே ஓடையில் விடாதீர்கள். மீனுக்கும் தவளைக்கும் அது நஞ்சு. 1 கிராம் குளோரினுக்கு ஒன்றரை கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலைக் கடைசிக் குழாயில் சொட்ட விடுங்கள்.

அறிகுறி: எல்லா அளவும் சரி, ஏரியில் ஆகாயத்தாமரை மூடுகிறது

இது பாஸ்பரஸும் நைட்ரேட்டும். காற்றூட்டல் நிலையம் பிஓடியைத் தின்னும், சோப்புத்தூளிலும் சிறுநீரிலும் வரும் பாஸ்பரஸில் பெரும்பகுதியை விட்டுவிடும். க்ளாரிஃபையருக்கு முன் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ சேர்த்துக் கசடோடு படியவைக்கலாம். ஆனால் கசடு கூடும், காரமும் குறையும், இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகே தொடங்குங்கள். நிலையத்துக்குக் கீழே தென்னை, தீவனப்புல் வயல்கள் இருந்தால் கோடை நீரை ஏரிக்கு விடாமல் அங்கே பாய்ச்சுவதுதான் எங்கள் முதல் பரிந்துரை. ஏரிக்குக் கேடாகும் அதே சத்து அங்கே உரம். கிருமி அளவு சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், கீரை, காய்கறிக்கு வேண்டாம்.

எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. காற்றின் பலன் சில மணி நேரத்தில் தெரியும், திரும்பும் ஓட்டத்தின் பலன் ஒரே நாளில். கசடு இழுக்கும் அளவை மாற்றினால் 20 நாள் வயதுள்ள நிலையத்தில் முழுப் பலன் தெரிய 40 முதல் 60 நாள் ஆகும். அதற்குள் ஷிஃப்ட் மாறி வருபவர் இன்னொன்றைத் திருகிவிடாதபடி, என்ன மாற்றினோம், எத்தனை மணிக்கு, ஜாடியில் எவ்வளவு என்பதைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.